கலியை மேடையிலிருந்து இறக்கிவிடாதீர்கள்: தாப்பா நாடக இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

வரும் திருவிழாவுக்கு நளன் கதையை முழு நாடகமாகப் போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் மனம் நிறைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டுபட்டு, லயங்கள் இடிபட்டு, சனமெல்லாம் தாமான்களுக்குக் கலைந்துபோன பிறகு நம் வட்டாரத்தில் மேடை நாடகம் என்பதே அபூர்வமாகிவிட்டது. திமோவிலிருந்தும் பீடோரிலிருந்தும் வேலை முடிந்த களைப்போடு மோட்டார் சைக்கிளில் வந்து ஒத்திகை பார்க்கிறீர்களாம். அதற்காகவே உங்களைக் கும்பிட வேண்டும். ஆனால் கூடவே இன்னொரு சேதியும் காதுக்கு வந்தது. நளனைப் பிடித்து ஆட்டுகிற கலிபுருஷன் வேடத்தையே எடுத்துவிட்டீர்களாம். நளன் தனியாக நிற்பான், அவன் மனத்தில் ஓடுவதை முன்கூட்டியே பதிவுசெய்து ஒலிபெருக்கியில் விடுவீர்களாம். அதைக் கேட்டபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. வசனம் எழுதுகிறவர் முதல் விளக்குப் போடுகிறவர் வரை உங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் என் காதுக்கு வந்தன. வேடம் கட்டிய பூதத்தைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்கிறீர்கள். சிரித்தால் சிரிக்கட்டும், முதல் காட்சியில்தானே சிரிப்பார்கள். உங்களுடைய இன்னொரு காரணம்தான் கனமானது. குடித்து அழிந்தவனும் சீட்டாடித் தோற்றவனும் "எல்லாம் சனி செஞ்ச வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். சனியோடு ஒன்றாகப் பேசப்படும் கலியை மேடையில் காட்டினால் அவனுக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும் என்கிறீர்கள். இதை நான் மதிக்கிறேன். நம் வீடுகளில் அந்தச் சாக்கு எத்தனை தாய்மார்களின் தாலிக்கொடியை அடகுக்கடைக்கு அனுப்பியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தக் காரணத்துக்காகவே கலி மேடையில் நிற்க வேண்டும் என்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

புகழேந்தியின் நளவெண்பாவை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். சுயம்வரத்துக்குத் தாமதமாக வந்த கலி, தமயந்தி ஒரு மனிதனுக்கு மாலையிட்டுவிட்டாள் என்று கேட்டுக் கொதிக்கிறான். நளனைப் பிடித்தே தீருவேன் என்று கிளம்புகிறான். கிளம்பியவனால் உடனே பிடிக்க முடிந்ததா? பன்னிரண்டு ஆண்டு அவன் வாசலிலேயே காத்துக் கிடக்கிறான். தெய்வங்களோடு வழக்காடுகிற அளவுக்கு வலிமை உள்ளவன், ஒரு மனிதனுக்குள் நுழைய வழி கிடைக்காமல் பன்னிரண்டு ஆண்டு நிற்கிறான். ஒரு நாள் மாலை, சந்தி செய்யப் போன நளன் காலைச் சரியாகக் கழுவாமல் விடுகிறான். நனையாத அந்த இடத்தில் கலி புகுந்துவிடுகிறான். கவனியுங்கள்: கதவைத் திறந்தது நளனுடைய அசட்டை. இதை மேடையில் பார்க்கிற ஒருவன் "கலி பிடித்துவிட்டான், நான் என்ன செய்வேன்" என்று எப்படிச் சொல்ல முடியும்? பன்னிரண்டு ஆண்டு வெளியே நிற்க வைக்க முடிந்ததே, அது யார் செயல்? நீங்கள் கலியை எடுத்துவிட்டால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் சேர்ந்து போய்விடும். நல்லவன் ஒருவன் திடீரென்று சூதாடிக் கெட்டான் என்ற வெறும் கதைதான் மிஞ்சும்.

எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் இந்தக் கதையை நான் சிறுவனாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன். எண்ணெய்த் தோம்புகளின் மேல் பலகை அடித்த மேடை, கேஸ் விளக்கு, கீழே பாய். கலி வேடம் கட்டியவர் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டுகிற மனிதர். சூதாட்டக் காட்சியில் அவருக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. நளனுக்குப் பின்னால் வந்து நின்று, அவன் தோளில் ஒரே ஒரு விரலை வைப்பார். நளன் எழுந்திருக்கப் பார்ப்பான். விரல் அழுத்தும். நளன் உட்கார்ந்து மறுபடியும் காயை உருட்டுவான். தோற்றதும் விரலை எடுத்துவிடுவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. நாடு போனது, யானை குதிரை போனது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் "பின்னால பாரு, பின்னால திரும்பிப் பாரு" என்று நளனைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஓர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். அவர் கத்தியது மேடையில் இருந்த நளனைப் பார்த்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கள்ளு வாடையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரும் அன்று சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியில் வருகிற குரலைப் பார்த்து அப்படிக் கத்த முடியுமா? அந்தக் குரல் நளனுக்கும் கேட்கும், நமக்கும் கேட்கும். கலி நின்றால் நமக்குத் தெரிவது நளனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சனம் எழுந்து நின்றது.

இனி நாடகத்தின் உயிரான காட்சிக்கு வருகிறேன். காட்டில் பாழ்மண்டபம். உடுத்தியிருந்த துணியையும் பறவை கொண்டுபோய்விட்டது. புருஷனும் பெண்சாதியும் ஒரே துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவள் தூங்கிவிட்டாள். அவன் தூங்கவில்லை. விட்டுவிட்டுப் போனால் தாய்வீட்டுக்காவது போய்ப் பிழைப்பாள் என்று ஒரு நினைப்பு. எழுந்து போகவேண்டுமானால் துணியை அரிய வேண்டும். எதனால் அரிவது? அவன் அப்படி நினைத்த கணத்திலேயே கலி ஒரு வாளாக மாறி அவன் பக்கத்தில் வந்து கிடக்கிறான். புகழேந்தியின் மேதைமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. நினைப்பு நளனுடையது. கருவியைக் கொடுத்தது கலி. அரிந்த கை மறுபடியும் நளனுடையது. யார் பங்கு எவ்வளவு என்று இவ்வளவு துல்லியமாக எந்த நீதிமன்றம் பிரித்துச் சொல்லும்? அரிந்துவிட்டு அவன் ஓடிவிடவும் இல்லை. போகிறான், திரும்பி வருகிறான், வந்து பார்த்துவிட்டு மறுபடி போகிறான். தயிர் கடைகிற ஆய்ச்சியர் கையைப் போல அவன் மனம் போய்ப்போய் வந்தது என்கிறார் கவி. உங்கள் நளன் அந்த இடத்தில் மூன்று தடவையாவது போய்த் திரும்பட்டும். பாட்டுப் போட்டு அதை நிரப்பாதீர்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்டால் போதும்.

ஆங்கில இலக்கியம் படித்த தங்கை ஒருவர் உங்களில் இருக்கிறாராம். அவருக்கு மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் தெரிந்திருக்கும். 1604-இல் முதன்முதலாக அச்சேறிய அந்த நாடகத்தில் நல்ல தேவதையும் கெட்ட தேவதையும் ஃபாஸ்டஸின் இரு பக்கமும் வந்து நின்று பேசுகின்றன. 24 ஆண்டுச் சுகபோகத்துக்காக அவன் தன் ஆன்மாவையே பிசாசுக்கு எழுதிக் கொடுக்கிறான். தன் ரத்தத்தால் எழுத உட்கார்ந்தபோது ரத்தம் உறைந்துவிடுகிறது. அவன் உடம்பே வேண்டாம் என்கிறது. பிசாசின் தூதன் ஓடிப்போய் நெருப்புக் கொண்டுவந்து ரத்தத்தை இளக வைக்கிறான். எழுதுவது ஃபாஸ்டஸ்தான். பாழ்மண்டபத்து வாளையும் இந்த நெருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவனும் இந்தப் பக்கம் இருந்த ஒருவனும் மனிதனின் வீழ்ச்சியை ஒரே இடத்தில் கண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இந்த மரபு இன்னும் பழையது. மனத்துக்குப் பிறந்த விவேகமும் மோகமும் பகையாளிகளாகிச் சேனை திரட்டிச் சண்டை போடுகிற பிரபோத சந்திரோதயத்தைக் கிருஷ்ணமிசிரர் பதினோராம் நூற்றாண்டிலேயே நாடகமாக எழுதிவிட்டார். மாதைத் திருவேங்கடநாதர் அதைத் தமிழில் செய்யுளாக்கியும் தந்தார். மனத்தின் சண்டைக்கு ஆள் உருவம் கொடுப்பது சிறுபிள்ளைத்தனம் என்றால் இவர்கள் எல்லோரும் சிறுபிள்ளைகளா?

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபாஸ்டஸுக்கு நல்ல தேவதை ஒன்று இருக்கிறது. நளனுக்கு அப்படி யாரும் இல்லை. அதற்காக வெள்ளை உடுத்திய மனசாட்சி ஒன்றை நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். அவனைத் திரும்ப இழுத்தது அவன் சொந்த மனம். அந்தப் பெருமை அவனிடமே இருக்கட்டும்.

இப்போது உங்கள் கனமான காரணத்துக்கு மறுபடி வருகிறேன். கலியை எடுத்துவிட்டால் பழி முழுக்கத் தனிமனிதன் தலையில் விழும். அது நியாயம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நம் சனத்தின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குள் கள்ளுக்கடையை வைத்தது யார்? நம் தாத்தாக்களா? வெள்ளைக்கார நிர்வாகத்தின் கீழ், சட்டப்படி, லயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கடை இருந்தது. சம்பளம் வாங்கிய கை, வீட்டுக்குப் போகும் வழியிலேயே அங்கே நீண்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றவர்களின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது என்ன கேட்டார்கள் தெரியுமா? கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதே மூச்சில் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பதிலாகப் பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. 1947-இல் கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். அங்கேயும் போலீஸ் வந்தது. குடியை அடக்கத் தெரியாத கூலிகள் என்று நம்மை ஏசினவர்களேதான், கடையை மூடு என்று நாம் கேட்டபோது தடியெடுத்தார்கள். கலி வெளியிலிருந்தும் வருகிறான், தம்பிகளே. யாரோ அவனை அனுப்பி வைக்கிறார்கள், யாரோ அவனால் லாபம் பார்க்கிறார்கள். நளனைச் சூதில் வென்ற புட்கரனுக்கு ஒரு நாடே கிடைத்ததே! கள்ளுக்கடை போய்ச் சம்சுச் சாராயம் வந்தது; இன்று வட்டிக்கு விடும் ஆலோங் வந்து வாசல் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போகிறான். இதையெல்லாம் நளனின் மனக்குரல் ஒன்றுக்குள் எப்படி அடைப்பீர்கள்? கலி தனி ஆளாக நின்றால்தான், வெளியே இருக்கிறவனையும் உள்ளே இருக்கிற ஓட்டையையும் ஒரே பார்வையில் காட்ட முடியும்.

கலி விலகுகிற காட்சியையும் வெட்டிவிடாதீர்கள். நேரம் போதாது என்று பலரும் முதலில் வெட்டுவது அதைத்தான். கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்து உருமாறிய நளன், வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னன் என்ற அரசனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதன் காய் எத்தனை என்று இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறான். வடமொழிப் பாரதத்தில் நளன் தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணியே பார்த்துவிடுகிறான். கணக்குச் சரி. அந்த எண்ணும் வித்தையைக் கற்றுக்கொண்டதும் கலி அவனை விட்டு வெளியேறுகிறான். அந்தக் காலத்தில் சூதுக்காயே தான்றிக் கொட்டையில்தான் செய்தார்கள் என்பது தெரிந்தால் இந்தக் காட்சி இன்னும் கூர்மையாகும். தன்னை அழித்த பொருளின் கணக்கு தெரிந்த நிமிடத்தில் மயக்கம் தெளிகிறது. பூசை போட்டதாலோ, மந்திரம் சொன்னதாலோ கலி போகவில்லை. எண்ணிப் பார்த்ததால் போனான்.

நம் ஊரில் இதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது! புதன், சனி, ஞாயிறு என்றால் நாலு நம்பர் கடையில் வரிசை. கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், மோதிக் கிடக்கிற காரின் எண் பலகையில் ஒரு நம்பர், செத்தவரின் வீட்டு எண் ஒரு நம்பர். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. ஒரு குலுக்கலில் பரிசு விழுவது, ஆறுதல் பரிசையும் சேர்த்து, 23 எண்களுக்கு. மிச்சம் 9,977 எண்களை வாங்கியவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். தான்றி மரக் காட்சியில் மேடைக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். தாப்பா தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உரக்க எண்ணும்போது, பின்வரிசையில் சட்டைப்பையில் சீட்டு வைத்திருக்கிற பெரியவர்கள் காதிலும் விழும்.

தமயந்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை முக்கியமாக, அந்த வேடம் கட்டும் தங்கைக்குச் சொல்கிறேன். பாரதக் கதையில் காட்டில் தனியே விழித்தெழுந்த அவள் ஒரு சாபம் இடுகிறாள். கணவனைச் சபிக்கவில்லை. அவனுக்கு இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது எதுவோ, அது அவனைவிட அதிகமாகத் துன்பப்படட்டும் என்கிறாள். அதன்பின் கலி, நளனின் உடம்புக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிறான். கார்க்கோடகனின் விஷமும் சேர்ந்து அவனைச் சுடுகிறது. கலியை எடுத்துவிட்டால் இந்தச் சாபம் யார்மேல் போய் விழும்? ஒன்று கணவன்மேல் விழும், அல்லது காற்றோடு போகும். அவள் வாயில்லாப் பூச்சியும் அல்ல. தானே ஆள் அனுப்பித் தேடுகிறாள், இரண்டாம் சுயம்வரம் என்று சேதி விட்டு அவனை வரவழைக்கிறாள், பிள்ளைகளை முன்னால் அனுப்பி அவன் கண் கலங்குகிறதா என்று சோதிக்கிறாள். தீர விசாரித்த பிறகே ஏற்கிறாள். ஆளையும் ஆளைப் பிடித்ததையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பெண் அவள். நம் லயங்களில் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்த பெண்கள் பலர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களுக்கு இந்த மேடையில் ஒரு மரியாதை செய்யுங்கள்.

வேடத்தைப் பற்றி எனக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள் உண்டு. கலிக்குக் கரி பூசாதீர்கள். கோரைப்பல் வைக்காதீர்கள். நம் மக்கள் வாயில் கலியும் சனியும் ஒன்றாகிப் போனதால், திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் முழுகினால் சனி விடும் என்று நம்புவதால், அந்த வேடம் என்றாலே கருப்பு என்று பழகிவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் இளம் வயதில் சனீஸ்வரன் வேடத்தில் அப்படிப் பயங்கரமாக இருந்தாராம். அவரை அந்தக் கோலத்தில் பார்த்து மிரண்ட ஒரு பெண்ணுக்கு நேர்ந்த விபரீதம்தான் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டு நாடகம் எழுதும் ஆசிரியராக மாறக் காரணம் என்று நாடக உலகில் சொல்லி வருகிறார்கள். நம் பிள்ளைகள் தங்கள் தோலின் நிறத்தைத் தீமையின் நிறமாக மேடையில் பார்க்க வேண்டாம். உங்கள் கலி இஸ்திரி போட்ட சட்டை போடட்டும், தலையை வழித்துச் சீவியிருக்கட்டும், நளனை "அண்ணே" என்று அன்பாகக் கூப்பிடட்டும். கடன் வேண்டுமா அண்ணே, ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள் அண்ணே என்று கேட்கட்டும். நம் வீட்டு வாசலுக்கு அவன் அப்படித்தான் வந்தான்.

சூதாட்டத்தில் அவன் பேச வேண்டாம். பாழ்மண்டபத்தில் வாளாகப் படுக்கட்டும், நளன் குனிந்து அவனுடைய கையைப் பிடித்துத் தூக்கட்டும். துணியை அரிவது மட்டும் நளன் கையாக இருக்கட்டும். அந்த நேரத்தில் விளக்கை மங்க வைக்காதீர்கள். அரிவது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பதிவுசெய்த குரலை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள், தொடக்க அறிவிப்புக்குப் பயன்படும். முன்வரிசைப் பாயைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார்கள் உட்காரட்டும். நாடகம் முடிந்ததும் திரையை இழுத்துவிட்டு லோரியில் சாமான் ஏற்ற அவசரப்படாமல், நளனும் கலியும் வேடத்தோடு இறங்கி வந்து சனத்தோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கேட்க வேண்டியதைச் சனம் கேட்கும்.

வரும் ஒத்திகையிலேயே கலிபுருஷனை மறுபடி சேர்த்துவிடுங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வேடத்துக்கு ஆள் குறைந்தால் கம்பாரிலும் சுங்கையிலும் விசாரியுங்கள், பழைய தோட்டத்து நடிகர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வசனத்துக்குக் கை வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
தோட்டத்து மேடையில் வளர்ந்த உங்கள் அண்ணன்,
தாப்பா